பாலிக்குப் போகிறீர்களா? தங்கும் இடத்தை முதலில் சரியாகப் பிடியுங்கள்

பாலித் தீவுக்கு விமான டிக்கெட் போட்ட கையோடு நம்மில் பலர் செய்யும் அடுத்த வேலை, சாங்குவிலோ செமின்யாக்கிலோ நீச்சல் குளத்தோடு ஒரு வில்லா தேடுவது. நெல்வயலைப் பார்த்தபடி குளம், ஓலை வேய்ந்த கூடம், தண்ணீரில் மிதக்கும் தட்டில் காலை உணவு. விலையைப் பார்த்தால் சீசன் நேரத்து ஊட்டி ஓட்டலை விடக் குறைவாக இருக்கும். உடனே பணம் கட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் தோழிகளோடும், பின்னாளில் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டும் நான் பாலிக்குப் போயிருக்கிறேன். ஆண் துணை இல்லாமல் பாட்டி, மகள், பேத்தி என்று மூவர் கிளம்புகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் பயந்தார்கள். போய் வந்தபின் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: பாலியில் பயணிகளை ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் சின்னத் தில்லுமுல்லுக்காரர்கள். விலை தெரியாமல், யாரைக் கேட்பது என்று புரியாமல் நிற்பவரைத்தான் அவர்கள் தேடுவார்கள். நல்ல வீட்டுக்காரர் இருக்கும் இடத்தில் தங்கிவிட்டால், கேட்பதற்கு ஓர் ஆள் நமக்குக் கிடைத்துவிடுகிறார். டாக்சிக்கு எவ்வளவு கொடுக்கலாம், எந்தக் கடையில் பணம் மாற்றலாம், இன்றைக்கு எந்த ரோட்டில் ஊர்வலம் என்று அவர் சொல்லிவிடுவார். அதனால் தங்குமிடத்துக்கு ஒரு வாரம் செலவழித்துத் தேடினாலும் தப்பில்லை என்பேன்.

முதலில் எந்தப் பக்கம் தங்குவது என்று பார்ப்போம். வயதானவர்களோ சிறு குழந்தைகளோ கூட வந்தால் என் ஓட்டு சனூருக்குத்தான். கிழக்குக் கரை. கொஞ்ச தூரத்தில் பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் கடல் குளம் மாதிரி கிடக்கும். கரையோரமாகவே கிலோமீட்டர் கணக்கில் நடைபாதை போகிறது, கார் தொல்லை இல்லை. மூட்டுவலிக்காரரான அம்மா தினமும் விடியற்காலையில் தனியாக நடந்துவிட்டு வருவார். கூத்தா, லெகியான், செமின்யாக் மூன்றும் மேற்குக் கரை. கடைகளும் கொண்டாட்டமும் அங்கேதான், ஆனால் அலையும் இழுப்பும் பலமாக இருக்கும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள். சாங்குவில் சந்துகள் குறுகல், நெரிசல் அதிகம், எங்கே திரும்பினாலும் ஏதோ ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். உலுவாத்து பாறை உச்சியில் இருப்பதால் கடலைத் தொட ஏகப்பட்ட படி இறங்க வேண்டும். நூசா துவாவில் வாசலிலேயே வண்டியைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். காவல் பலம்தான், ஆனால் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கவும் வண்டி வேண்டும். உபுத் உள்நாட்டில், விமான நிலையத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

பகுதியை முடிவு செய்தபின் வீட்டைச் சோதிக்க வேண்டும். விளம்பரத்தில் இருக்கும் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். நான் அப்படித் தேடியபோது ஒரே நீச்சல் குளம், ஒரே நீல மெத்தை நாற்காலி, வேறு வேறு பெயர்களில் வந்தது. ஒன்று உண்மையான வில்லா. மற்றவை சமூக ஊடகத்தில் யாரோ அதே படங்களைப் போட்டு, பாதி விலை சொல்லி, வாட்ஸ்அப் எண் கொடுத்தவை. அந்த எண்ணில் பேசினால் மிகவும் பணிவாகப் பேசுவார்கள். "முன்பதிவுத் தளம் வழியாகப் போனால் கமிஷன் பிடிப்பார்கள், நேராக வங்கியில் போட்டுவிடுங்கள்" என்பார்கள். கணக்கு ஒரு தனிநபர் பெயரில் இருக்கும். நான் கேட்டது ஒன்றுதான்: "வீடியோ அழைப்பில் வாருங்கள். தெருவிலிருந்து கேட்டைத் திறந்து படுக்கையறை வரை நடந்து காட்டுங்கள்." உள்ளே விருந்தாளி இருக்கிறார்கள் என்றார். சரி, தெருவையும் கேட்டையும் மட்டும் காட்டுங்கள் என்றேன். அதோடு பதில் நின்றுவிட்டது. உண்மையான வீட்டுக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பதே இல்லை. உபுத்தில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மா இடுப்பில் பேரனோடு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினார்.

விமர்சனங்களைப் படிக்கும்போது புதியதிலிருந்து படியுங்கள். ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை நிதானமாகப் படித்தால் வீட்டின் நிஜ முகம் தெரிந்துவிடும். கன்ஸ்ட்ரக்‌ஷன் (கட்டட வேலை), நாய்ஸ் (சத்தம்), லாக் (பூட்டு), மோல்ட் (பூஞ்சை) என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். பாலியில் பக்கத்து மனையில் இன்றைக்கு வயல் இருக்கும், அடுத்த சீசனில் கான்கிரீட் கலவை இயந்திரம் இருக்கும். போன வருட விமர்சனத்தில் அது தெரியாது. "கடற்கரைக்கு ஐந்து நிமிடம்" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஸ்கூட்டரில் ஐந்து நிமிடம். வரைபடத்தில் நடந்து போகும் தூரத்தை நீங்களே பாருங்கள். சில வீடுகளுக்குக் கார் போகாது, கடைசி இருநூறு முந்நூறு மீட்டர் வயல் வரப்பில் பெட்டியோடு நடக்க வேண்டும். முதியவர் வருகிறார் என்றால் இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். அநேக இடங்களில் இரண்டும் சேர்ந்து 21 சதவீதம் வரும். உணவக மெனுவிலும் இதே கதைதான். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் கணக்கில் சேர்க்காவிட்டால் கடைசி நாளில் கையைக் கடிக்கும். அப்புறம், வீடு முறைப்படி பதிவானதா என்று கேட்கத் தயங்காதீர்கள். சிறிய ஹோம்ஸ்டேக்களுக்கு அங்கே 'போண்டோக் விசாத்தா' என்று ஓர் உரிமம் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே, விவரம் தெரிந்தவர் பேசுகிறார் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

இப்போது அதிகமாகப் பரவும் மோசடி இன்னொன்று. இது எனக்கே வந்தது. பெரிய முன்பதிவுத் தளம் ஒன்றில் அறை உறுதியாகி, கிளம்ப இன்னும் சில நாள் இருந்த நேரம். அதே தளத்தின் சாட்டில், ஓட்டலின் பெயரிலேயே ஒரு செய்தி: உங்கள் அட்டை சரிபார்ப்பில் தோல்வி, 12 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் விவரம் கொடுக்காவிட்டால் முன்பதிவு ரத்து. என் பெயர், தேதி, தொகை எல்லாம் சரியாக இருந்தன. ஓட்டல்காரரின் கணக்கைத் திருடி உள்ளே நுழைந்தவர்கள் அனுப்பியது அது. இணைப்பின் முகவரியைப் பார்த்தேன். தளத்தின் பெயரோடு ஒரு கோடு போட்டு வேறு ஏதோ சொல் ஒட்டியிருந்தது. ஓட்டலின் சொந்த இணையதளத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "எதையும் கிளிக் செய்யாதீர்கள் மேடம், காலையிலிருந்து எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள்" என்று வரவேற்பில் இருந்த பெண் பதறினார். செய்தி சாட்டுக்குள்ளேயே வந்தாலும், பணம் கேட்டால் நீங்களாகத் தளத்துக்குள் போய் முன்பதிவுப் பக்கத்தில் பாருங்கள். அங்கே எதுவும் காட்டவில்லை என்றால் அது போலி.

நம்மூர் ஏஜென்ட் மூலமாகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேக்கேஜ் தாளில் ஓட்டல் பெயருக்குப் பின்னால் "அல்லது அதற்கு நிகரானது" என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். கடலோர ஓட்டல் என்று காட்டிவிட்டு, கூத்தா உள்சந்தில் ஜன்னல் இல்லாத அறையில் கொண்டுபோய் விடுவது இந்த ஒரு வரியை வைத்துத்தான். எங்கள் குடியிருப்பிலேயே ஒரு குடும்பம் இப்படி மாட்டிக்கொண்டு, புதுக் கல்யாண ஜோடியை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு வேறு அறை தேடியது. முழுப் பணம் கட்டும் முன் ஓட்டலின் பெயர், அறை வகை, உறுதிப்படுத்திய எண் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த எண்ணை வைத்து ஓட்டலுக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். ஒரு நாளில் பதில் வந்துவிடும்.

அறைக்குள் போனதும் என்ன பார்ப்பது? பாலி வில்லாக்களில் பலவற்றில் கூடத்துக்கும் சமையலறைக்கும் சுவரோ கதவோ கிடையாது. படத்தில் அழகாக இருக்கும் அந்தத் திறந்த கூடத்தில் ராத்திரி மடிக்கணினியை விட்டுவிட்டுத் தூங்க முடியாது. பூட்டக்கூடியது படுக்கையறை மட்டும்தான். அதன் பூட்டு உள்ளிருந்து சரியாக விழுகிறதா, குளியலறையின் திறந்த கூரை வழியாக யாராவது இறங்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை இருந்தால் எனக்குத் திருடனை விடப் பெரிய பயம் நீச்சல் குளம்தான். படுக்கையறைக் கதவைத் திறந்தால் நாலடியில் குளம், நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் குழந்தை எழுந்து நடந்தால் என்ன ஆகும்? அதனால் நாங்கள் குளம் இருக்கும் வில்லாவை வேண்டாம் என்று விட்டோம். மகள் முகம் வாடியது, பரவாயில்லை. இன்னொன்று, வெந்நீருக்குக் கேஸ் ஹீட்டர் வைத்திருந்தால் அது குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். மூடிய குளியலறைக்குள் இருந்தால் அறையை மாற்றித் தரச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சனூரில் அறைச் சாவியை வாங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "தண்ணி வந்தா எந்தப் பக்கம் ஓடணும்னு கேளு" என்றார். அம்மா கடலூர்க்காரர். 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்தில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வரவேற்பில் இருந்த பையன் சிரிக்காமல், தட்டிக்கழிக்காமல், எங்களை வாசலுக்கே அழைத்துப் போய்த் தெரு முனையில் இருந்த 'ஜாலுர் எவகுவாசி' பலகையைக் காட்டினான். வெளியேறும் வழியைக் காட்டும் அறிவிப்பு அது. தெற்குப் பாலியின் கடற்கரைகள் பல தாழ்வானவை. பூமி அதிர்ந்தால் சங்கு ஊதக் காத்திருக்காமல் உயரமான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறிவிட வேண்டும், எது அந்தக் கட்டடம் என்று அவனே விரல் நீட்டிக் காட்டினான். 2018இல் பக்கத்துத் தீவான லொம்போக்கில் வந்த பெரிய நிலநடுக்கம் பாலியையும் உலுக்கியது. கடலோரம் அறை எடுப்பவர்கள் எல்லாரும் அம்மா கேட்ட கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

உபுத்தில் நாங்கள் தங்கியது ஒரு குடும்ப வீட்டில். பாலி வீடு என்றால் ஒரு மதிலுக்குள் பல சிறு கட்டடங்கள். ஒரு மூலையில் குடும்பக் கோயில், நடுவில் முற்றம், பின்பக்கம் விருந்தினருக்கு நாலு அறை. காலையில் வீட்டு அம்மா தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டில் பூவும் அரிசியும் வைத்து, ஊதுவத்தியோடு எங்கள் வாசலிலும் வைத்துவிட்டுப் போவார். வில்லாவில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது. ராத்திரி எந்நேரமும் யாராவது வீட்டில் இருந்தார்கள். அந்தக் குடும்பம் ஊர் அமைப்பான 'பஞ்சார்' என்பதற்குக் கட்டுப்பட்டது. விருந்தாளிக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. பெரிய விழாவென்றால் கட்டம் போட்ட வேட்டி கட்டிய 'பெச்சாலாங்' ஊர்க்காவலர்கள் தெருவில் நிற்பார்கள். பெண்கள் மட்டும் போவதாக இருந்தால் இப்படி ஒரு வீட்டைத் தேடிப் பிடியுங்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிட்டார் அந்த அம்மா. வெளிநாட்டு விருந்தினரைப் பற்றி அவர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அதனால் நகல் கேட்பது சரிதான். பாஸ்போர்ட்டையே வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

பணம் மாற்றும் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியதும் அந்த உபுத் வீட்டு அம்மாதான். "கூத்தா பக்கம் போனால் பலகையில் ரேட் அதிகமாகப் போட்டிருக்கும். எண்ணிய பிறகு பணத்தை அவன் கையில் மறுபடி கொடுக்காதே" என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்ன மாதிரியே நடந்தது. லெகியான் சந்து ஒன்றில், துணிக்கடையின் பின்பக்கம் ஒரு மேசை. வங்கியில் டாலருக்கு 16,000 ருப்பியாவை ஒட்டிக் கிடைத்த நேரத்தில் அங்கே 16,500 என்று எழுதியிருந்தது. கமிஷன் இல்லை என்றும் போட்டிருந்தது. 200 டாலரைக் கொடுத்தேன். 33 லட்சம் ருப்பியா வர வேண்டும். எல்லாம் 50,000 ருப்பியா தாள். இருபது தாளுக்கு ஒரு கட்டு, பத்து லட்சம். அப்படி மூன்று கட்டு, மேலே ஆறு தாள். நான் எண்ணினேன், சரியாக இருந்தது. "ஒரு நிமிடம், நானும் சரிபார்க்கிறேன்" என்று அவர் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்தார். கட்டின் அடியை மேசை விளிம்பில் தட்டித் தட்டி ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொரு தட்டுக்கும் கட்டைவிரல் பின்னால் நகர்ந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைத் திருப்பி நீட்டியபோது வாங்கி மறுபடி எண்ணினேன். மூன்றாவது கட்டில் பன்னிரண்டு தாள்தான் இருந்தது. எட்டுத் தாள் மேசைக்குப் பின்னால் இழுப்பறையில் விழுந்திருந்தது. நான் எதுவும் சொல்லாமல் டாலரைத் திருப்பிக் கேட்டேன். முறைத்தார், கொடுத்தார். கடைக்குள் வேறு வாடிக்கையாளர்கள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கடைசியாக எண்ணியது நீங்களாக இருக்க வேண்டும், எண்ணிய பணம் அப்படியே பைக்குள் போக வேண்டும். இந்த ஒரு பழக்கம் போதும், அந்த வித்தை எடுபடாது. அந்நாட்டு மத்திய வங்கியான பேங்க் இந்தோனேசியாவின் உரிமம் பெற்ற கடையில் அதன் முத்திரை பச்சை நிறத்தில் கதவிலேயே ஒட்டியிருக்கும், கண்ணாடி முகப்பு இருக்கும், அச்சடித்த ரசீது தருவார்கள். ரேட் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அந்த வித்தியாசம் நிம்மதிக்கான விலை. டாலர் தாள் புதிதாக, கிழியாமல், பேனாக் கோடு இல்லாமல் இருக்கட்டும். ஏடிஎம் என்றால் வங்கிக் கிளைக்குள் இருப்பதைப் பயன்படுத்துங்கள், தெருவோர இயந்திரங்களில் அட்டை விவரம் திருடும் கருவி பொருத்திய சம்பவங்கள் பாலியில் பலமுறை நடந்திருக்கின்றன. அங்குள்ள இயந்திரங்கள் பலவும் முதலில் பணத்தைத் தந்துவிட்டு அப்புறம்தான் அட்டையை வெளியே தள்ளும். பணம் வந்த சந்தோஷத்தில் நடையைக் கட்டிவிடாதீர்கள். "இந்திய ரூபாயில் பிடிக்கட்டுமா" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, ருப்பியாவிலேயே விடுங்கள்.

கிளம்பும் முன்பே ஏமாற வாய்ப்புள்ள இடம் விசா. இந்தியர்களுக்கு இறங்கியதும் கிடைக்கும் 30 நாள் விசாவுக்கு 5 லட்சம் ருப்பியா. 2024 பிப்ரவரி 14 முதல் பாலி மாகாணம் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரிடமும் 1,50,000 ருப்பியா வசூலிக்கிறது. இரண்டையும் இணையத்தில் முன்கூட்டியே கட்டலாம். ஆனால் தேடுபொறியில் மேலே வரும் விளம்பரங்களில் பல போலி, அல்லது இரட்டிப்புக் கட்டணம் வாங்கும் இடைத்தரகர்கள். இந்தோனேசிய அரசுத் தளங்களின் முகவரி 'ஜிஓ' புள்ளி 'ஐடி' என்று முடியும். அப்படி முடியாத இடத்தில் அட்டை எண்ணைப் போடாதீர்கள். சுங்கப் படிவத்துக்குக் கட்டணமே கிடையாது, கேட்டால் அது மோசடி.

வண்டி விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொண்டால் கோபம் வராது. செயலியில் கூப்பிடும் வாடகை வண்டிகளான கிராப், கோஜெக் இரண்டும் அங்கே ஓடுகின்றன, விலையும் குறைவு. ஆனால் பல ஊர்களில் உள்ளூர் ஓட்டுநர்கள் சேர்ந்து, செயலி வண்டிகள் இங்கே ஆள் ஏற்றக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் பிழைப்பு. சண்டை போட்டால் மாட்டிக்கொள்வது நாம் கூப்பிட்ட ஓட்டுநர்தான். பெரிய ரோடு வரை நடந்துபோய் ஏறிக்கொள்ளுங்கள், அல்லது நாள் முழுதும் ஒரு காரை அமர்த்திக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது பத்து மணி நேரத்துக்குப் பெட்ரோலோடு 6 லட்சத்திலிருந்து 8 லட்சம் ருப்பியா வரை கேட்டார்கள். நம் கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம் முதல் நாலாயிரத்துச் சொச்சம். பார்க்கிங்கும் நுழைவுச்சீட்டும் யார் பொறுப்பு என்று காலையிலேயே பேசிவிடுங்கள். "கடை வேண்டாம், காபித் தோட்டம் வேண்டாம், நாங்கள் சொல்லும் இடம் மட்டும்" என்பதையும் ஏறும்போதே சிரித்த முகத்தோடு சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் செலுக்கில் வெள்ளிக் கடை, வழியில் புனுகுப் பூனை தின்று கழித்த கொட்டையில் செய்யும் லுவாக் காபியின் தோட்டம் என்று கமிஷன் கிடைக்கும் இடங்களிலேயே அரை நாள் கரைந்துவிடும். அந்தத் தோட்டங்களில் கூண்டுக்குள் அடைத்து வைத்திருக்கும் புனுகுப் பூனைகளைப் பார்த்தபின் எனக்கு அந்தக் காபியைக் குடிக்க மனம் வரவில்லை. ஓட்டுநர் எண்ணைச் சேமிக்கும்போது ஊரையும் சேர்த்துப் போடுங்கள். பிறந்த வரிசைப்படி பெயர் வைக்கும் வழக்கம் என்பதால் போனில் வாயான், மாதே, ஞோமான் என்று நிரம்பிவிடும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு மலிவாகக் கிடைக்கும், இடது பக்கப் போக்குவரத்தும்தான், அதனால் நம்மவர்களுக்குக் கை துறுதுறுக்கும். இருசக்கர வாகனத்துக்குச் செல்லும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் எடுக்காதீர்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போகலாம். போலீஸ் அபராதத்தைக்கூட விடுங்கள், விபத்து நடந்தால் உரிமம் இல்லாதவருக்குப் பயணக் காப்பீடு கை கொடுக்காது. வண்டியை எடுக்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்குப் பணம் கேட்பது அங்கே சகஜம்.

உலுவாத்து கோயில் குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கண்ணாடி, போன், செருப்பு என்று பறித்து வைத்துக்கொண்டு, தின்னக் கொடுத்தால்தான் விடும். எந்தப் பொருளுக்கு நாம் அதிகம் பதறுவோம் என்று பெரிய குரங்குகளுக்குத் தெரிந்திருக்கிறது என ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள். அம்மாவின் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்து ஜிப் போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துத்தான் நடத்திப் போனேன். மீட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். குரங்கோ நாயோ கடித்தாலும் பிராண்டினாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள். 2008லிருந்து பாலியில் வெறிநோய் இருக்கிறது. இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.

படங்களைப் பார்த்துவிட்டு லெம்புயாங் கோயில் வாசலில் ஏரி இருப்பதாக நினைத்து அதிகாலையில் கிளம்புகிறவர்களுக்கு: ஏரி இல்லை. போன் கேமராவின் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பிடிக்கும் பிம்பம் அது. வரிசை மணிக்கணக்கில் நீளும்.

தேதி பார்க்கும்போது ஞேப்பி நாளைக் கவனியுங்கள். பாலி இந்துக்கள் மௌனமாக அனுசரிக்கும் சக ஆண்டுப் பிறப்பு அது, மார்ச் மாதத்தை ஒட்டி வரும். 2025இல் மார்ச் 29, 2026இல் மார்ச் 19. அன்றைக்கு 24 மணி நேரமும் விமான நிலையமே மூடிக்கிடக்கும், தெருவில் யாரும் நடக்கக் கூடாது, விளக்கும் ஏற்ற மாட்டார்கள். சாப்பாடு தராத வில்லாவில் இருந்தால் முந்தின நாளே எல்லாம் வாங்கி வைக்க வேண்டும். சமைத்துத் தரும் ஓட்டலிலோ குடும்ப வீட்டிலோ இருந்தால், அது பார்க்கக் கிடைக்காத ஒரு நாள். சரியாக அந்தத் தேதியில் வந்து இறங்குவது போலவோ, கிளம்புவது போலவோ டிக்கெட் விற்கும் ஏஜென்ட் இருந்தால் அவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

இவ்வளவு பார்த்தும் பணம் போய்விட்டால்? முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே தகராறு பதிவு செய்யலாம், திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. வெளிநாட்டுக் கணக்குக்கு வங்கிப் பரிமாற்றத்தில் அனுப்பியது பெரும்பாலும் போனது போனதுதான், அதனால்தான் அட்டையில் கட்டச் சொல்கிறேன். இங்கிருந்து யுபிஐயிலோ வங்கியிலோ இந்தியக் கணக்குக்கு அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் நம் நாட்டுச் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். போலி என்று தெரிந்ததும் அவர்கள் பக்கத்தையும் சாட்டையும் அழித்துவிடுவார்கள், அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தீவில் இருக்கும்போது அவசரம் என்றால் 112. பாஸ்போர்ட் தொலைந்தால் போலீசில் எழுதிக் கொடுத்து அந்தத் தாளோடு டென்பசாரில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அதன் எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் ஏற்றி, ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள்ளும் வைத்துவிடுங்கள்.